டிபன்: மத்தியானச் சாப்பாடா, இட்லி தோசையா?

மும்பையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் 'டிஃபின் லாயா க்யா?' என்றார். 'ரூமிலேயே சாப்பிட்டுவிட்டேன்' என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கேட்டது மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை. ஆங்கில அகராதியைப் புரட்டினால் அதுவும் டிஃபின் என்றால் இந்தியாவில் மதிய உணவு என்கிறது. நமக்கோ டிபன் என்றால் இட்லி, தோசை, பொங்கல். யார் தப்பாகச் சொல்கிறோம்? இது 'தின்' என்ற தமிழ் வேரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?"

யாரும் தப்பாகச் சொல்லவில்லை, தம்பி. சொல் தமிழ்ச் சொல்லும் இல்லை. இங்கிலாந்துக் கடைத்தெருவிலும் சாராயக் கடையிலும் புழங்கிய பேச்சுச் சொல் ஒன்று கப்பலேறி வந்து, இந்தியாவில் புதுப் பொருள் பெற்று, பிறகு ஊருக்கு ஒரு விதமாகப் பிரிந்தது. மும்பைக்காரரும் நாமும் அகராதியும் மூன்று வேறு இடங்களில் அதைப் பிடித்து வைத்திருக்கிறோம். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே பொருள்தான் ஓடுகிறது. டிபன் என்றால் 'முழுச் சாப்பாடு அல்லாதது'. முழுச் சாப்பாடு எந்த வேளையில் இருக்கிறதோ, அதை விட்டு விலகி நிற்கும் வேளை டிபன் வேளை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் புரியும்.

முதலில் பிறப்பு. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'டிஃப்' என்றால் ஒரு மிடறு மது, அதுவும் தண்ணீர் கலந்த லேசான மது. அப்படி அவ்வப்போது ஒரு வாய் குடிப்பதும் கொறிப்பதும் 'டிஃப்பிங்'. 1785இல் ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் ஆங்கிலக் கொச்சைச் சொற்களுக்கு ஓர் அகராதி போட்டார். அதில் டிஃப்பிங் என்பதற்கு, சாப்பாட்டு வேளை அல்லாத வேளையில் உண்பதும் குடிப்பதும் என்று பொருள் தருகிறார். கவனியுங்கள்: வேளை கெட்ட வேளையில் உண்பது. மத்தியானம் என்ற பேச்சே அதில் இல்லை.

அது எப்படி மத்தியானத்துக்கு வந்தது? அதற்குக் கல்கத்தாவின் சாப்பாட்டு மேசையைப் பார்க்க வேண்டும். எலைசா ஃபே என்ற ஆங்கிலப் பெண்மணி 1780 வாக்கில் அங்கிருந்து தன் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. வெயில் கொளுத்தும் மத்தியானம் இரண்டு மணிக்கு டின்னர் சாப்பிடுகிறோம் என்று எழுதுகிறார். என்னென்ன? சூப், வறுத்த கோழி, சோறும் கறியும், ஆட்டிறைச்சி வைத்த பை, ஆட்டுக்குட்டியின் முன்னங்கால், அரிசிப் புட்டிங், பாலாடைக்கட்டி, வெண்ணெய், மதெய்ரா ஒயின். இவ்வளவும் பகல் இரண்டு மணிக்கு! இப்படி உண்டவர்களுக்கு இன்னொரு மத்தியானச் சாப்பாடு தேவையே இல்லை. அன்றைக்கு டின்னர் என்பதே பகல் உணவுதான்.

அடுத்த சில பத்தாண்டுகளில் டின்னர் நகரத் தொடங்கியது. இரண்டு மணி மூன்றாகி, நான்காகி, கடைசியில் இருட்டிய பிறகு ஏழு, எட்டு மணிக்குப் போய் நின்றது. இங்கிலாந்திலும் இதே நகர்வுதான். காலை உணவுக்கும் ராத்திரி டின்னருக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்தது. வயிறு சும்மா இருக்குமா? அந்தப் பள்ளத்தை நிரப்ப லேசாக ஏதாவது சாப்பிட்டார்கள். இங்கிலாந்தில் இருந்தவர்கள் அதற்கு 'லஞ்சன்' என்று பேர் வைத்தார்கள். இந்தியாவில் இருந்தவர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த 'டிஃப்பிங்'கை எடுத்து அங்கே வைத்தார்கள். 1810இல் இந்தியாவுக்கு வரும் ஆங்கிலேயருக்காகத் தாமஸ் வில்லியம்சன் எழுதிய வழிகாட்டி நூலில் இந்தச் சொல் 'டிஃப்பிங்ஸ்' என்ற வடிவத்திலேயே வருகிறது. கடைசி 'ங்' ஒலி தேய்ந்துதான் டிஃபின். பேச்சு வழக்கில் அந்த ஒலியை விழுங்குவது ஆங்கிலேயருக்குப் பழக்கம்தான்.

ஆக, வேளைகெட்ட வேளையில் கொறிப்பது என்ற பொருள், டின்னர் நகர்ந்துபோன வீடுகளில் 'மத்தியானம் கொறிப்பது' ஆயிற்று. பிறகு அந்தக் கொறிப்பே பெருத்து முழு லஞ்ச் ஆனது. அகராதி காட்டும் பொருள் இந்த நிலையில் உறைந்துபோன பொருள்.

இந்தச் சொல்லின் வேரை முறையாகத் துருவியவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் இருவரும். 1886இல் வெளிவந்த அவர்களுடைய 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி இந்தியாவில் ஆங்கிலேயர் பேசிய சொற்களுக்கென்றே தொகுக்கப்பட்டது. அப்போதே டிஃபினுக்குப் பல கதைகள் உலவியிருக்கின்றன. அரபியில் 'தஃபன்னுன்' என்றால் பொழுதுபோக்கு, அதிலிருந்து வந்தது என்றார்கள் சிலர். சீனத்தில் 'ச்சீ ஃபான்' என்றால் சோறு உண்பது, அதுதான் மூலம் என்றார்கள் வேறு சிலர். சீனக் கதைக்கு ஒரு காரணம் உண்டு: ஷாங்காய், ஹாங்காங் துறைமுகங்களில் இருந்த ஆங்கிலேயரும் மத்தியான உணவை டிஃபின் என்றே சொன்னார்கள். இந்தியாவிலிருந்து அங்கே போன சொல்லை, அங்கே பிறந்ததாக எண்ணிவிட்டார்கள். யூலும் பர்னெலும் இரண்டையும் தள்ளிவிட்டு, இது ஆங்கிலக் கொச்சைச் சொல்லின் எச்சம் என்று குரோஸைக் காட்டி முடித்தார்கள். இன்றுவரை அந்த முடிவுதான் நிற்கிறது.

இந்த பர்னெல் நமக்கு அந்நியர் அல்ல. மதராஸ் மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்தவர், தஞ்சாவூரில் நீதிபதியாக உட்கார்ந்தவர். சரஸ்வதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874இல் நூலாக எழுதியவர். 'தின்' என்ற சொல் காதில் விழாத ஊரில் அவர் வாழவில்லை. கறியிலிருந்து 'கர்ரி', மிளகுத்தண்ணியிலிருந்து 'முல்லிகடானி', சுருட்டிலிருந்து 'செரூட்', கட்டுமரத்திலிருந்து 'கேட்டமரான்' என்று தமிழிலிருந்து போன சொற்களை எல்லாம் அந்த அகராதி தமிழ் என்றே பதிந்திருக்கிறது. டிஃபினுக்கும் தமிழ் மூலம் இருந்திருந்தால் அதை மறைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

உங்கள் நண்பரின் 'தின்' கதைக்கு வருகிறேன். தின்பண்டம், தின்பது, பேச்சில் 'திம்பது' என்று காதுக்குப் பொருந்துவது போல இருப்பதால் பலர் நம்பிவிடுகிறார்கள். எனக்கும் தமிழ்மேல் ஆசை உண்டு. ஆனால் தமிழின் ஒலி இலக்கணமே இந்தக் கதையை ஏற்காது. தமிழ்ச் சொல் 'ட'வில் தொடங்காது. இது தொல்காப்பியக் காலத்து விதி. இன்று நாம் 'ட'வில் தொடங்கிச் சொல்லும் டிக்கெட், டீ, டாக்டர், டப்பா, டமாரம் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை அல்லது ஓசையைப் போலச் செய்தவை. 'தின்' நம் சொல். அதிலிருந்து ஒன்று பிறந்து நம் வாயிலேயே புழங்கியிருந்தால் 'தி' என்றுதான் தொடங்கும். நாம் 'டி' என்கிறோம் என்றால், ஆங்கிலேயனின் 'டி'யைக் கேட்டு வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். இரண்டாவது, நடுவில் இருக்கும் ஃப ஒலி. ஆங்கிலத்தில் அது அழுத்தமாக இருக்கிறது. அந்த ஒலி தமிழில் இல்லை, அதனால்தான் நாம் ஃபீஸைப் பீசாக்கியது போல டிஃபினை டிபன் ஆக்கினோம். தமிழில் இல்லாத ஒலி தமிழ் வேரிலிருந்து எப்படி முளைக்கும்? மூன்றாவது, 'தின்'னில் 'தி'யை ஒட்டி இருக்கும் 'ன்' எங்கே போயிற்று? கதை சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை.

குடிப்பதைக் குறித்த சொல் சாப்பாட்டைக் குறிக்க வந்ததை விநோதமாக நினைக்க வேண்டாம். சின்ன உணவுக்குக் குடியின் பெயரை வைப்பது மனிதருக்குப் பொதுவான பழக்கம் போலிருக்கிறது. இந்தியில் 'ஜல்பான்', நேர்ப் பொருள் நீர் அருந்துதல். வங்காளியில் 'ஜல்கபார்', நீரும் உணவும். ஆங்கிலத்திலேயே லஞ்சனுக்கு முன்னால் 'நஞ்சன்' என்று ஒரு சொல் இருந்தது. அதைப் பிரித்தால் 'நண்பகல் குடி' என்று வரும். நம் பக்கம் வாருங்கள்: கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் 'காப்பி குடிச்சாச்சா?' என்று கேட்டால், காப்பியை மட்டும் கேட்பதாக நினைக்கக் கூடாது. புட்டோ ஆப்பமோ சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார்கள். ஜான்சன் தமது 1755ஆம் ஆண்டு ஆங்கில அகராதியில் 'லஞ்ச்' என்பதற்கு ஒரு கைகொள்ளும் அளவு உணவு என்று பொருள் எழுதினார். ஒரு வாய், ஒரு கை, ஒரு மிடறு. வயிறு நிறைய உண்பது வேறு, இது வேறு என்ற எண்ணம் எல்லா மொழியிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் எடுத்த திருப்பம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஆங்கிலேயர் வீட்டில் முழுச் சாப்பாடு ராத்திரிக்குப் போனதால் டிஃபின் மத்தியானத்தில் உட்கார்ந்தது. நம் வீட்டில் முழுச் சாப்பாடு எங்கேயும் போகவில்லை. அது சோறு. குழம்பு, ரசம், மோர் என்று உச்சிப்பொழுதை ஒட்டி அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆகவே டிபனுக்கு நடுப்பகலில் இடமே இல்லை. அது காலைக்கும் சாயங்காலத்துக்கும், பிறகு ராத்திரிக்கும் ஒதுங்கியது. இன்றும் நம் ஊர் ஓட்டலில் பகல் ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்து டிபன் என்ன இருக்கு என்று கேட்டுப் பாருங்கள். "இப்ப சாப்பாடுதான் சார், டிபன் மூணு மணிக்கு மேல" என்பார் சர்வர். அகராதி எந்த வேளையை டிஃபின் வேளை என்கிறதோ, சரியாக அந்த வேளையில் மட்டும் நம் ஊரில் டிபன் கிடைக்காது!

இன்னும் ஆழமாகப் போனால், இந்தச் சொல் வந்து உட்கார்ந்த நாற்காலி காலியாக இருக்கவில்லை. அங்கே ஏற்கெனவே 'பலகாரம்' உட்கார்ந்திருந்தது. பலகாரம் என்பது 'பலாகாரம்', அதாவது பழ உணவு என்ற வடசொல்லின் திரிபு. விரத நாளில் சமைத்த சோறு ஆகாது, பழம் உண்ணலாம் என்ற ஏற்பாட்டிலிருந்து வந்தது. காலப்போக்கில் பழம் மறைந்து, சோறு அல்லாத எதுவும் பலகாரம் ஆயிற்று. எங்கள் பாட்டி அமாவாசை என்றால் காலையிலேயே சொல்லிவிடுவார்: "இன்னிக்கு ஒருபொழுது. ராத்திரிக்குப் பலகாரம்தான்." மத்தியானம் ஒரு வேளை சோறு, ராத்திரிக்கு இட்லியோ உப்புமாவோ அடையோ. இட்லியும் அரிசிதானே பாட்டி என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். "அரைச்சா அது மாவு. வடிச்சாத்தான் சாதம்" என்று பதில் வரும். அதில் ஒரு முழு இலக்கணமே இருக்கிறது. வடித்த சோற்றுக்குப் 'பத்து' உண்டு, அதாவது அதைத் தொட்ட கையைக் கழுவாமல் வேறெதையும் தொடக்கூடாது என்ற ஆசாரம்; தீட்டு உண்டு, விரத விலக்கு உண்டு. பலகாரத்துக்கு அந்தக் கட்டு இல்லை, அல்லது குறைவு. பிரயாணத்தில் கட்டிக்கொண்டு போகலாம், வந்தவருக்குச் சட்டென்று கொடுக்கலாம், வேளை பார்க்க வேண்டியதில்லை.

ஆங்கிலேயன் 'சாப்பாட்டு வேளை அல்லாத வேளையில் உண்பது' என்ற பொருளுள்ள சொல்லைக் கொண்டுவந்தபோது, நம் வீட்டில் 'சாப்பாடு என்று கணக்கில் வராத உணவு' தயாராக இருந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்திவிட்டன. ஆங்கிலேயனுக்கு அது வேளையைப் பொறுத்தது. நமக்கு அது பண்டத்தைப் பொறுத்தது. அதனால்தான் நாம் 'ராத்திரி டிபன்' என்று தயக்கமில்லாமல் சொல்கிறோம். பழைய ஆங்கிலேயன் காதில் அது விழுந்திருந்தால் ராத்திரியில் லஞ்சா என்று விழித்திருப்பான். கல்யாணப் பத்திரிகையோடு வரும் அழைப்பில் 'மாலை டிபன், இரவு விருந்து' என்று நாம் போடுவதும் இந்தக் கணக்கில்தான்.

ஆனால் தமிழ்நாட்டில் டிபன் ஒருபோதும் மத்தியானத்தில் இருந்ததில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வெள்ளைக்கார ஆட்சிக் காலத்து மதராஸ் குமாஸ்தா வீட்டு நடைமுறையை நினைத்துப் பாருங்கள். ஒன்பது மணிக்கே முழுச் சாப்பாடு, அதன் பிறகு ஆபீஸ். மத்தியானம் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ பசிக்கும்போது கையில் கொண்டுபோன இரண்டு இட்லியோ தோசையோதான். முழுச் சாப்பாடு காலைக்கு நகர்ந்துவிட்ட வீட்டில் டிபன் மத்தியானத்துக்கு வந்துவிட்டது. நான் முதலில் சொன்ன விதி இங்கேயும் பொருந்துகிறது அல்லவா?

அரசு ஏட்டிலும் இந்தப் பொருள் பதிவாகியிருக்கிறது. 1920 செப்டம்பர் 16 அன்று மதராஸ் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் 'டிஃபின்' கொடுப்பது என்பது அதன் சாரம். அப்போது மன்றத்தின் தலைவர் பி. தியாகராயச் செட்டியார். பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியின் எண்ணிக்கை பாதிக்கப்படுகிறது என்பது அவர் சொன்ன காரணம். பகலில் பசித்த பிள்ளைக்குக் கொடுத்த அந்த உணவுக்கு ஏட்டில் எழுதப்பட்ட சொல் டிஃபின். காமராசர் காலத்து மதிய உணவுக்கும், 1982இல் வந்த சத்துணவுக்கும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் முன்னோடி என்று நாம் இன்று பேசுவது அந்த ஓரணா டிபனைத்தான். இந்தச் சொல்லின் தமிழ்நாட்டு வரலாற்றில் இதைவிடப் பெருமையான பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி டப்பா. சொல் உணவிலிருந்து பாத்திரத்துக்குத் தாவியது மும்பையில் முழுமையாக நடந்தது. 1890 வாக்கில் மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் ஏறக்குறைய நூறு ஆட்களோடு வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலை அங்கே தொடங்கினார். மராட்டியில் அவர்கள் 'டப்பாவாலா'க்கள். 1956இல் அவர்கள் பதிவு செய்த அறக்கட்டளையின் பெயரில் 'டிஃபின் பாக்ஸ்' இருக்கிறது. அந்த ஊரில் மத்தியானச் சாப்பாடும் அதைச் சுமக்கும் டப்பாவும் ஒன்றையொன்று பிரியாமல் வந்ததால், டிஃபின் என்றாலே டப்பா என்று ஆகிவிட்டது. உள்ளே சப்பாத்தியா, சோறா, பருப்பா என்பது கேள்வியே இல்லை. உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டது அதைத்தான். கல்கத்தாவில் அது வேளையோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் மணியடித்து விடும் இடைவேளையே அங்கே டிஃபின், அந்த வேளையில் தின்பதும் டிஃபின்.

நம் ஊரில் இந்த இரண்டும் பிரிந்து நிற்பதைப் பாருங்கள். பிள்ளையின் 'டிபன் பாக்ஸ்'க்குள் தயிர்சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் இருக்கும். பாத்திரத்தின் பெயர் டிபன். உள்ளே இருப்பதை யாராவது டிபன் என்று சொல்வார்களா? "டிபன் பாக்ஸ்ல சாப்பாடு வச்சிருக்கேன்" என்றுதான் அம்மா சொல்வார். ஒரே வாக்கியத்தில் ஆங்கிலேயனின் டிபனும் நம்முடைய சாப்பாடும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, இடிக்கவே இல்லை. அடுக்குப் பாத்திரத்துக்கும் டிபன் கேரியர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கிராமங்களில் தூக்குச்சட்டி, தூக்குவாளி என்ற நம் சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை வயலுக்குக் கஞ்சியும் சோறும் கொண்டுபோன பாத்திரங்கள், டிபன் என்ற சொல்லோடு அவற்றுக்குப் பழக்கமில்லை. மலாய் மொழியில் இதே அடுக்குப் பாத்திரம் 'திங்காட்', அதாவது அடுக்கு. தாய்லாந்தில் 'பிந்தோ'. பாத்திரம் ஆசியா முழுக்கப் பொது, பெயர்தான் வேறு.

ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் நம்மைப் போலவே டிபன் என்றால் இட்லி, தோசை, பெசரட்டு, பூரி. தெருவுக்கு ஒரு 'டிபன் சென்டர்' இருக்கும். கர்நாடகத்தில் 'திண்டி' என்ற சொந்தச் சொல் வலுவாக இருக்கிறது, 'திண்டி ஆய்தா?' என்று கேட்பார்கள். அது நம் 'தின்'னோடு உறவுள்ள சொல்தான். உங்கள் நண்பருக்கு வேண்டிய சொந்தக்காரச் சொல் இதுவே. பெங்களூரில் 1924இல் 'பிராமின் காஃபி கிளப்' என்று தொடங்கிய கடை 1960இல் லால்பாக் பக்கம் இடம் மாறியபோது 'மாவள்ளி டிஃபின் ரூம்' ஆயிற்று. இன்று எம்டிஆர் என்று உலகமே அறிந்த பெயருக்குள் நடு எழுத்தாக டிஃபின் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலேயர் தங்கள் ஊருக்குக் கொண்டுபோன சொல்லோ அங்கே வேறு வடிவம் எடுத்தது. பிரிட்டனில், குறிப்பாக ஸ்காட்லாந்தில், பிஸ்கட்டை நொறுக்கிச் சாக்லேட்டும் உலர்திராட்சையும் சேர்த்து, அடுப்பில் வைக்காமல் குளிரவைத்துச் செய்யும் இனிப்புக்கு இப்போது டிஃபின் என்று பேர்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயர் ஆங்கிலம் என்பதால் பண்டமும் அப்படி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மதுரைக்காஞ்சி மதுரையின் ராத்திரியைப் பாடும்போது, கடை முடித்து உறங்கும் கூவியரைக் காட்டுகிறது. கூவியர் என்றால் அப்பம் சுட்டு விற்பவர்கள். அவர்களிடம் என்ன இருந்தது? 'நல்வரி இறாஅல் புரையும் மெல்லடை', தேன்கூடு போலப் பொத்தல் பொத்தலாக வெந்த மெல்லிய அடை. 'கவவொடு பிடித்த வகையமை மோதகம்', உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த கொழுக்கட்டை. அந்த அடையின் வர்ணனையைப் படிக்கும்போது ஆப்பத்தின் நடுவே இருக்கும் கண்கள்தான் எனக்கு ஞாபகம் வரும். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழர் நகரத்தில் ராத்திரி டிபன் கடை இருந்தது. அதற்கு அப்போது டிபன் என்ற பேர் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பண்டங்கள் எல்லோருக்கும் எல்லா நாளும் கிடைத்தவை அல்ல. எங்கள் அப்பா வளர்ந்த கிராமத்தில் காலையில் பழையசோறு, வெங்காயம், மோர்மிளகாய். இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும், வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால். ஆட்டுக்கல்லில் மாவரைப்பது பெண்களின் அரைநாள் உழைப்பு, தினமும் யார் அரைப்பது? 'டிபன்' என்ற சொல்லே அங்கே டவுன்காரர்களின் சொல். "அவங்க வீட்ல காலையில டிபனாம்" என்று வியந்து பேசிய தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூர் கிரைண்டர் வீடு வீடாக வந்த பிறகுதான் இட்லி தினப்படி உணவாயிற்று, சொல்லும் கூடவே எல்லா வீட்டுக்கும் வந்தது. ஆகவே டிபன் தமிழுக்குள் பரவியதில் ஆங்கிலத்துக்கு எவ்வளவு பங்கோ, அதற்குக் குறையாத பங்கு மாவரைக்கும் இயந்திரத்துக்கும் உண்டு என்பது என் கருத்து.

கடைசியாக, இதற்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டுமா என்றும் கேட்பீர்கள். எழுத்தில் சிற்றுண்டி இருக்கிறது. நல்ல சொல். இலங்கையில் கேண்டீனைச் சிற்றுண்டிச்சாலை என்றே எழுதுகிறார்கள். பேச்சில் அது நமக்கு இன்னும் ஏறவில்லை. பலகாரம் என்பது இன்று முறுக்கு, அதிரசம் பக்கம் நகர்ந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களும் நம் ஊர்த் தமிழ் முஸ்லிம்களும் சொல்லும் 'பசியாறுதல்'. "பசியாறிட்டீங்களா?" என்று காலையில் ஒருவர் கேட்டால் அதில் வேளையும் இருக்கிறது, உணவும் இருக்கிறது, கேட்பவரின் அக்கறையும் இருக்கிறது. அந்தச் சொல் நம் எல்லோர் வாய்க்கும் வந்தால் நான் மகிழ்வேன். அதற்காக டிபனை விரட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. நூற்றாண்டுக்கு மேலாக நம் அடுக்களையில் இருந்து, நம் விரதக் கணக்குக்குள் நுழைந்து, ஏழைப் பிள்ளையின் தட்டுக்கும் பெயராக இருந்த சொல் அது.

நாளைக்கு உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் மறுபடியும் டிஃபின் கேட்டால், டப்பாவைக் காட்டுங்கள். கூடவே, எங்கள் ஊரில் இதற்குள் இருப்பது சாப்பாடு, டிபன் காலையிலேயே ஆயிற்று என்றும் சொல்லுங்கள். மும்பையிலேயே மாதுங்கா பக்கம் நம்மவர் ஓட்டல்கள் நிறைய உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போய் இட்லி வாங்கிக் கொடுங்கள்.